பிரேக் அக்காவின் வலது கால்

டிவியில் ஒரு கார் படுவேகமாக வளைவில் திரும்புகிறது. சோபாவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் பிரேக் அக்காவின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கிறது. கார் நிற்கவில்லை. "கண்ணாடியைப் பார்க்காமலே திருப்புறான் பாரு, படுபாவி!" என்று கதாநாயகனுக்குத் திட்டு விழுகிறது.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. ஊர் இன்னும் முழுசாக இருப்பதே அந்தப் பிரேக்கின் புண்ணியம் என்று சொல்லி, மாணவர்கள் வைத்த பெயர் இது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பிரேக் மிதித்த காலையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். பேருந்தில் மிதிக்கும். பல் மருத்துவரின் நாற்காலியிலும் மிதிக்கும். வண்டியில் யாராவது காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தாலோ, "இது என்ன உங்க வீட்டு ஊஞ்சலா? இறங்குங்க" என்று நடுவழியிலேயே இறக்கிவிடுவார்.

வண்டிக்குள் ஆண்கள் எல்லோரும் அவருக்குத் தம்பிதான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவருக்குக் கற்றுக்கொடுத்தபோதும் "கிளட்ச்சை மெதுவா விடுங்க தம்பி" என்றுதான் வாயில் வந்தது. மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவழியாக உரிமம் வாங்கி, அதன் நகலைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் மலைப் பயணத்துக்குத் திட்டம் போட்டார்கள். மேசை விரிப்பைக் குவித்ததும் மலை வந்துவிட்டது. கண்ணாடியைக் கழுத்தில் மாட்டும் கயிறு சாலை, தீப்பெட்டி கார். அருவி, பள்ளத்தாக்கு, மேகம் கீழே மிதக்கும் திருப்பம் என்று கடைக்காரர் ஆசை ஆசையாகப் பொத்தான்களை வைத்தார். "இங்க ஹாரன் அடிக்கணும், இங்க ரெண்டாவது கியர், இங்க லாரிக்கு ஒதுங்கணும்" என்று அக்கா அவற்றையெல்லாம் தள்ளிவிட்டார்.

"போன தடவை போனப்ப ஏரி எப்படி இருந்துச்சு, சொல்லு."

"எந்த ஏரி?"

"அவ்வளவு தூரம் உன் பக்கத்துலயே வந்துச்சே, அது."

"அப்படியா? எனக்கு முன்னாடி ஒரு லாரிதாங்க வந்துச்சு. அதுலயும் பின்லைட் ஒண்ணு எரியல."

கடைக்காரர் தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுறேன். வீட்டுல ஒருத்திக்கு ஒரு மலையைக் காட்ட முடியல. இந்தத் தடவை நான் ஓட்டுறேன். நீ வேடிக்கை பார்த்துட்டு வா."

மேசைக்கு அடியில் கால் மிதித்தது. "நம்ம வண்டியில பக்கத்து சீட்டுக்குப் பிரேக் இல்லீங்க."

"என் மேல நம்பிக்கை இல்லன்னு நேராவே சொல்லிடேன்."

முகம் வாடிவிட்டது மனிதருக்கு. அவர் நன்றாகத்தான் ஓட்டுவார், கற்றுக்கொடுத்தவருக்குத் தெரியாதா? ஆனால் காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல், அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு மலை ஏறுவதென்றால் அக்காவுக்குப் பயம். வெறும் பயம். அதைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அடுத்த நாளே பேருந்தில் காலை அடக்கி உட்காரப் பழகிப் பார்த்தார். பக்கத்து இருக்கைக்காரரின் செருப்பு நசுங்கியதுதான் மிச்சம்.

இருந்தும், பயண நாளன்று மலையடிவாரம் வந்ததும் அக்கா வண்டியை ஓரங்கட்டி, சாவியை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

"வளைவுல ஹாரன் மறந்துடாதீங்க, தம்பி."

தம்பி மறக்கவில்லை. முதல் வளைவு நெருங்கியது. அக்காவின் கால் வண்டித் தரையில் பிரேக்கைத் தேடத் தொடங்கியது. சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல் அக்கா அதைக் குனிந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.