குடித்திருந்தது யார்

கருங்கல்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் மாயாண்டிக்கு வேலையிலிருந்து பேர் வெட்டியது 1950ஆம் வருஷம். மகள் பூரணிக்கு அப்போது பதின்மூன்று வயது.

ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கால் தள்ளாட வந்து நின்றார். வாயைத் திறந்தால் சாராய நெடி. ஏதோ சாக்கில் மாயாண்டியின் தாயை இழுத்து ஏசினார். மாயாண்டி பதிலுக்கு ஏசவில்லை. நேரே ஆபீசுக்குப் போய், பெரிய கிளாக்கர் நல்லமுத்துவின் மேசைக்கு முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"ஐயா, தொரைக்கு ஒரு மனு எழுதணுங்க. குடிச்சிருந்த கண்டாக்கையா என்னய ஏசினாருங்க. அத மட்டும் எழுதுங்க, போதும்."

நல்லமுத்து இங்கிலீசில் நாலு வரி எழுதினார். மாயாண்டி கைநாட்டு வைத்தார். மூன்றாம் நாள் கையில் பத்துச்சீட்டு வந்தது. வேலை போனது, வேலையோடு குடியிருந்த லயத்துக் காம்பராவும் போனது. சீட்டோடு அந்த மனுவின் நகலையும் இணைத்திருந்தார்கள். அதில் என்ன இருக்கிறதென்று சொல்ல அந்த லயத்தில் யாருக்கும் இங்கிலீசு தெரியாது.

நோட்டன் பிரிட்ஜில் அணைக்கட்டு வேலைக்குக் கல் சுமக்கப் போன மாயாண்டி, அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். மாயாண்டியின் மனைவி வேலாயி மகளைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு வந்து, ஹமீத் நானா வீட்டில் அவர் மனைவி கமறியாவுக்குச் சமையலில் கூடமாட ஒத்தாசையாக இருந்தாள். பூரணி நானாவின் காகிதக் கடையைக் கூட்டிப் பெருக்கினாள். கடையில் ஒரு டைப்ரைட்டர் இருந்தது. பிரஜாவுரிமை மனு எழுதத் தோட்டத்துச் சனம் அலைமோதிய காலம் அது. டைப் அடிக்கிறவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட, கூட்டத்தைப் பார்த்து நானா விழி பிதுங்கி நின்றார். கடையில் இங்கிலீசு எழுத்துக்கூட்டப் பழகியிருந்த பூரணி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

பழைய காகிதக் கட்டில் அட்டை கிழிந்த இங்கிலீசு இலக்கணப் புத்தகம் ஒன்று அவள் கையில் சிக்கியது. அதைக் கரைத்துக் குடித்தாள். 'ஹூ' ஆளுக்கு, 'விச்' பொருளுக்கு. 'ஆல்தோ' போட்டால் பின்னால் 'பட்' வரக்கூடாது. 'டிஸ்பைட்'டுக்குப் பக்கத்தில் 'ஆஃப்' ஒட்டாது. இப்படி மூன்று வருஷம்.

பதினேழாம் வயதில் ஒருநாள் தகரப் பெட்டியைத் திறந்து அப்பாவின் மனுவை எடுத்தாள். வாசித்தாள். திரும்ப வாசித்தாள். காகிதத்தை நானாவிடம் நீட்டினாள்.

"நானா, இதுல வாற 'ஹூ' யாரச் சொல்லுது?"

நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அதுக்கு முன்னுக்கு நிக்கிற ஆளத்தான். 'மீ'ன்னு இருக்கு. அப்ப மனு குடுத்த ஆளுதான் குடிச்சிருந்தது." பிறகுதான் கைநாட்டுக்குக் கீழே இருந்த பேரைப் பார்த்தார். காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

குடித்திருந்த கண்டாக்கு என்னை ஏசினார் என்று சொல்லப் போனார் அப்பா. கண்டாக்கு குடித்திருந்த என்னை ஏசினார் என்று எழுதிவிட்டார் நல்லமுத்து. சொல் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. இடம்தான் மாறியது. தன் கைநாட்டாலேயே தன்னைக் குடிகாரன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அது தெரியாமலே செத்தும் போயிருந்தார் அப்பா.

பூரணி அழவில்லை. புதுக் கொப்பி ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் நல்லமுத்துவின் பேரை எழுதினாள்.

கருங்கல்மேட்டிலிருந்து யார் எந்தக் கடிதத்தை வாசித்துச் சொல்லக் கொண்டுவந்தாலும், அந்த மனிதரின் வாக்கியங்களைக் கொப்பியில் இறக்கிக்கொண்டாள். எங்கே சறுக்குவார், எங்கே மமதையில் கவனம் தப்புவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கல்யாணப் பேச்சு வந்தபோது தட்டிக்கழித்தாள். "ஒனக்கு என்னதான்டி வேணும்?" என்று வேலாயி கேட்டால் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஏழு வருஷம் கழிந்து அவள் காத்திருந்தது வந்தது. கொழுந்து நிறுவையில் ஓயாமல் எடையை வெட்டுகிறார்கள் என்று பதினொரு பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். பதினொரு பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முன்னால் நின்றவள் ராசம்மா, இரண்டு பிள்ளைகளோடு தனியாகக் கிடந்தவள். அவள்தான் நல்லமுத்து இங்கிலீசில் எழுதிய ஆபீசுக் கடிதத்தைக் கொண்டுவந்தாள்.

"வாசிங்க தங்கச்சி."

எழுத்து மூலம் எச்சரிக்கப்பட்ட தொழிலாளர்கள் நிறுத்தப்பட்டார்கள் என்று ஒரு வரி. பூரணியின் விரல் அந்த வரியில் நின்றது. 'ஹூ'வுக்கு முன்னால் கமா இல்லை. கமா இருந்திருந்தால் பதினொரு பேரும் எச்சரிக்கப்பட்டவர்கள், பதினொரு பேரும் நிறுத்தப்பட்டவர்கள். கமா இல்லாததால், எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர்கள் மட்டுமே நிறுத்தப்பட்டவர்கள். மற்றவர்களுக்கு வேலை இன்னும் இருக்கிறது.

"எத்தன பேருக்குங்க எச்சரிக்கக் கடுதாசி வந்துச்சு?"

"எனக்கு வந்துச்சு. இன்னும் மூணு பேருக்கு."

தொழிற்சங்கத்துக்காரருக்கு அவள் எடுத்துச் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "நிறுவையில வெட்டினதச் சொல்லிப் பதினொரு பேருக்கும் சேத்து வாதாடலாம்னு இருந்தோம். இப்பிடிப் போனா அந்த நாலு பேரு?"

"அவங்களுக்கு அப்புறம் பாப்போங்க. இது நிச்சயமாத் தோக்காது."

வழக்குக்கு முன் சங்கத்தின் பேரில் ஒரு கடிதம் அடித்தாள். வெகு பணிவான கடிதம். தங்கள் வாக்கியம் எழுதியபடியே பொருள்படுமா, அல்லது திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டிருந்தாள். ஒரு வாரத்தில் நல்லமுத்துவின் பதில் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக இங்கிலீசு எழுதுகிற தனக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை, வாக்கியம் எழுதியபடியே நிற்கும். அன்றைக்குப் பூரணி கமறியாவிடம் கேட்டு இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

விசாரணையில் அந்த இரண்டு கடிதங்களும் மேசைமேல் வைக்கப்பட்டன. கமா தவறிப் போய்விட்டது என்றார் நல்லமுத்து. "திருத்தம் வேண்டாமென்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார் விசாரணை செய்தவர். நல்லமுத்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஏழு பேரைத் திரும்ப வேலைக்கு எடுக்கும்படி தீர்ப்பானது. பின்வரிசையில் இருந்த பூரணி அந்தக் கழுத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

தோட்டத்துக்குத் தலைகுனிவு வந்ததில் துரைக்குப் பொறுக்க முடியாத கோபம். நல்லமுத்துவின் வேலையைப் பறித்து, ஒரு மாதத்தில் குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதன்பின் அவர் காகிதக் கடைக்கு வந்தார். கோட்டு அதேதான், தோள்தான் இறங்கியிருந்தது.

"அந்தக் கடுதாசி அடிச்சது நீதானாமே. யாரு புள்ள நீ?"

"மாயாண்டி மக."

"எந்த மாயாண்டி?"

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே ஞாபகமில்லை. பூரணி மெஷினை விட்டு எழுந்தாள். தகரப் பெட்டியிலிருந்து மனுவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"வாசிங்க. தமிழ்ல சொல்லுங்க. கடையில இருக்கிற எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவர் வாசித்தார். "கண்டாக்கு... குடித்திருந்த என்னை..." என்று நிறுத்தினார். அவர் முகம் மாறியது. "கண்டாக்கு என் மச்சான்," என்றார், மெதுவாக.

"முழுசாச் சொல்லுங்க."

சொன்னார். காகிதம் வாங்க வந்தவர்கள், மனு எழுத வந்தவர்கள், ஹமீத் நானா எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அவருக்கு நாற்காலி எடுத்துப் போடவில்லை. குடையை மறந்து வைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். அவரைக் கூப்பிட்டுக் குடையைக் கொடுக்க நானா எழுந்தபோது, "இருக்கட்டும் நானா, நனையட்டும்," என்றாள் பூரணி.

அடுத்த கிழமை ராசம்மா வந்தாள். கடைக்குள் ஏறவில்லை.

"ஏழு பேருக்கு வேல கெடச்சது நல்லதுதான் தங்கச்சி. எங்க நாலு பேரையும் விட்டுக்குடுத்து எழுதுறதுக்கு முன்னுக்கு எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

ராசம்மா பிள்ளைகளோடு கினிகத்தேனைப் பக்கம் போய், ரோட்டோரம் ஒரு தட்டிக்கொட்டகையில் ஒதுங்கினாள். அப்பாவுக்கு நேர்ந்ததைத்தான் இவளுக்கு, தன் கையாலேயே செய்துவிட்டோம் என்று பூரணிக்குத் தெரிந்தது.

அந்த நாலு பேருக்காக இரண்டு வருஷம் விடாமல் மனு அடித்தாள். மூன்று பேருக்கு வட்டகொடைப் பக்கத்துத் தோட்டங்களில் இடம் கிடைத்தது. ராசம்மா மட்டும் எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டாள். ஹட்டன் பஜாரில் எதிர்ப்பட்டால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள்.

நல்லமுத்துவுக்குச் செய்ததற்காகப் பூரணி ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. கேட்டவர்களிடம் அதை ஒளிக்கவும் இல்லை. ராசம்மாவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மட்டும் மெஷினில் காகிதத்தைச் சொருகித் தட்டத் தொடங்கிவிடுவாள்.