பதினேழாம் தேதி வீட்டுக்கு வந்த மாதா

இது நடந்தது. நடக்கவில்லை என்று சொல்லிவிடத்தான் எனக்கும் ஆசை. நான் பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் வீட்டில் முதல் பட்டம். பேய் என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேராகச் சிரிப்பேன். இப்போது சிரிப்பதில்லை.

காரைக்காலுக்கும் திருமலைராயன்பட்டினத்துக்கும் நடுவே எங்கள் ஊர். அக்டோபர் முழுக்க மாதா சுரூபம், சின்னச் சிலைதான், வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். சாயங்காலம் ஜெபமாலை, அப்புறம் சுண்டல். மறுநாள் அந்த வீட்டுக்காரர்கள் மெழுகுவர்த்தி பிடித்து, பாட்டுப் பாடி, அடுத்த வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். எல்லாத் தெருவுக்கும் போகும். எங்கள் காலனிக்கு மட்டும் வராது. ஒரே கோயில், ஒரே நற்கருணை. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். செத்த பிறகும் எங்களோடு படுக்க அவர்களுக்குக் கூசுகிறது.

அம்மா சலோமி இருபத்திரண்டு வருஷம் அந்தக் கோயிலைக் கூட்டிக் கழுவினாள். "ஒரு தடவ மாதா நம்ம வூட்டுக்கு வந்தாப் போதும் பாப்பா" என்பாள். செப்டம்பர் ஆறாம் தேதி செத்துப்போனாள். எனக்கு அழுகை வரவில்லை. அடக்கத்தின்போதும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. மரத்துப்போய்க் கிடந்தேன். அக்டோபர் பிறந்ததும் நேராக ஜெபக்குழுத் தலைவர் பிலோமின்ராஜிடம் போனேன்.

"ஒங்க வூட்ல மாதாவ வைக்க எடம் பத்துமாம்மா?"

"மாட்டுக் கொட்டாயில புள்ள பெத்தவங்கதான சார்? எங்க வூட்ல ஃபேனே ஓடுது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் எழுதிக்கொண்டார். அக்டோபர் 17, வியாழன். பதினாறாம் தேதி அவர் வீடு. அடுத்து எங்கள் வீடு.

மூன்று கிலோ கொண்டைக்கடலை அவித்தேன். நீலப் பூப்போட்ட பேப்பர் கப்புகளில் நிரப்பி, தாம்பாளங்களில் அடுக்கினேன். எங்கள் தெருக்காரர்களுக்கு நம்பிக்கை இல்லை. "மொதல்ல வரட்டும், அப்பறம் கூப்புடு" என்று வீட்டுக்குள் போய்விட்டார்கள். ஆறு மணிக்கு மழை பிடித்தது. 6.40க்குக் கரண்ட் போனது; விளக்கை ஏற்றி வைத்தேன்.

6.52. கதவை யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு.

பாட்டு இல்லை. மெழுகுவர்த்தி இல்லை. ஒரே ஒரு பெண். முக்காடு மூக்கு வரை இறங்கியிருந்தது. மாதாவை என் கையில் வைத்தாள். அவள் விரல்கள் ஃபினாயிலில் ஊறியது போல வெளுத்திருந்தன. அப்போது எனக்கு உறைக்கவில்லை. "உள்ள வாங்க" என்றேன். திரும்பி நடந்துவிட்டாள்.

அவ்வளவு மழையில் வந்த சுரூபத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"ஒத்த ஆள வுட்டு அனுப்பியிருக்கானுவ பாரு" என்றார் அப்பா ஜான்பீட்டர். தெருவில் இறங்கி யாரையும் கூப்பிட முடியாத மழை. "பரவால்ல. நீ ஆரம்பி."

7.05. பத்துப் பத்தாக ஐந்து முறை ஜெபம்; அதன் முதல் பாதியை நான் சொல்ல வேண்டும். மறுபாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். மற்றவர்கள் என்றால் அப்பா ஒருவர்தான்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

அப்பா பதில் சொன்னார். கூடவே இன்னொரு குரல். சமையலறைப் பக்கமிருந்து. எதிரொலி என்று நினைத்தேன்.

இரண்டாவது பத்து. "புனித மரியே..." என்றார் அப்பா. "அர்ச்சியசிஷ்ட மரியாயே..." என்றது அந்தக் குரல். அது பழைய ஜெபம். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்கிறவள் ஒருத்திதான்.

மூன்றாவது. நாலைந்து குரல்கள். ஆண் குரலும் இருந்தது. யாரோ இருமினார்கள்.

நான்காவது. வீடு நிறைந்துவிட்டது. ஈர மண் வாசனை. என் பிடரியில் மூச்சு...

நிறுத்தினேன்.

"நிறுத்தாத பாப்பா." அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "காத்துக்கிட்டு இருக்காங்க."

சொன்னேன்.

7.41. ஆமென்.

அப்புறம்... தாம்பாளம் நகரும் சத்தம்.

திரும்பவில்லை.

எப்போது தூங்கினோம் என்று தெரியாது. காலை 5.10க்கு விழித்தேன். கதவு உள்தாழ் போட்டது போட்டபடி இருந்தது. ஸ்டூலில் நான் வைத்த மாதா இல்லை. தாம்பாளங்களில் ஒரு கப் கூட இல்லை.

காலனிக்காரி மாதாவையே திருடிவிட்டாள் என்பார்கள். அவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். ஓடினேன்.

பிலோமின்ராஜ் வீட்டுக் கூடத்தில் மாதா இருந்தது. கழுத்தில் முந்தின நாள் மல்லிகை.

"எப்ப சார் திருப்பி எடுத்தாந்தீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கோவிச்சுக்காதம்மா. ஒங்க தெருவுக்கு வரமாட்டோம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. நாங்க அனுப்பவே இல்ல. நேத்தும் இங்கதான் ஜெபமாலை. ஏழு மணிக்கு. நாப்பது பேரு இருந்தோம்."

அந்த ஆளைத் திட்ட எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையையும் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். இடையில் பதினாறு நாளும் மழை. அப்பாவும் நானும் மெழுகுவர்த்தியோடு போனோம். சுவருக்கு இந்தப் பக்கம், ஒவ்வொரு சிலுவையின் அடியிலும் ஒரு பேப்பர் கப் கவிழ்த்து வைத்திருந்தது. நீலப் பூ. ஒன்றுகூட ஊறவில்லை.

சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

அப்பா முழந்தாளிட்டார். நான் குனிந்து, அம்மாவின் சிலுவையடியில் இருந்த கப்பை எடுத்தேன்.

சூடாக இருந்தது.