மொட்டைமாடியில் மட்டும் பெய்த மழை

எங்கள் சங்கத்துக்குப் பதிவு எண் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. வாட்ஸ்அப்பில் ‘மழைக்காரர்கள்’ என்று ஒரு குரூப், என் கடை மேசை டிராயரில் ஒரு நீளமான நோட்டு, மரக்காணத்திலிருந்து கிளியனூர் வரை மொட்டைமாடிகளிலும் கொல்லைகளிலும் நிற்கிற பிளாஸ்டிக் டப்பாக்கள். இவ்வளவுதான் சொத்து. தினமும் காலை எட்டரை மணிக்கு அவரவர் டப்பாவைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் மழை என்று குரூப்பில் போட வேண்டும். போடாவிட்டால் யாரும் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் போடுகிறோம்.

நான் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் திடீரென்று வானம் கறுத்து மழை கொட்டியது. உப்பளத்தில் வேலை செய்கிற அக்கா ஒருவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து என் கடைக்குள் ஒதுங்கினார். ரேஷன் கார்டு, ஆதார் என்று அடிக்கடி ஜெராக்ஸ் எடுக்க வருபவர்தான். அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“லாரி வர்ற நேரம்னு தார்ப்பாய எடுத்து ஓரமா வெச்சோம்மா. பத்தே நிமிஷம். பாதி குவியல் கரைஞ்சு ஓடிடுச்சு. போன்ல பார்த்தா வெயில் படம் போட்டுக் காட்டுது.”

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. கிளியனூரில் கட்டிக்கொடுத்திருக்கும் அவருடைய தங்கை. ஸ்பீக்கரில் போட்டார்.

“இங்க செம மழைக்கா. இப்பதான் விட்டுச்சு. அங்க எப்படி?”

“எப்ப ஆரம்பிச்சுது அங்க?”

“அது ஆச்சு முக்கால் மணி நேரம்.”

“இத அப்பவே போன் போட்டுச் சொல்லியிருக்கலாம் இல்ல?”

“நீ கேக்கலையே.”

அக்கா போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. கோடையில் இங்கே மழை மேற்கிலிருந்துதான் வரும். கிளியனூரைத் தாண்டித்தான் கடற்கரைக்கு வர வேண்டும். வழியில் இருக்கிற ஒருவர் ஒரு போன் போட்டால் போதும். இத்தனை வருஷமாக இது யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்துக் கடை பாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாசலில் நனைந்தபடி நின்றிருந்தார். குடம், வாளி, டப்பா விற்கிற பிளாஸ்டிக் கடை அவருடையது. பதினாறு வருஷம் வளைகுடாவில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். மழை வந்தால் கல்லாவை விட்டு இறங்கி வெளியே வந்து நின்றுவிடுவார். வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான்.

“தங்கச்சி, ஒரு குரூப் ஆரம்பிங்க” என்றார். “கிளியனூர்ல ரெண்டு பேரு, நடுவுல நாலு பேரு இருந்தா போதும். நான் இருக்கேன்.”

“நீங்க மழையில நனையறதுக்கு முன்கூட்டியே தெரியணும். அதுக்குத்தானே பாய்?”

“அதுவும்தான்” என்றார்.

அப்படி ஆரம்பித்தது. முதலில் ‘இங்க தூறுது’, ‘இங்க இருட்டிக்கிட்டு வருது’ என்று மட்டும் போட்டுக்கொண்டிருந்தோம். அளக்கிற பழக்கம் வந்தது குயிலாப்பாளையத்து அண்ணன் ஒருவரால். அவர் ஆரோவிலில் தோட்ட வேலை பார்க்கிறார். மாமனார் ஊர் இங்கே என்பதால் அடிக்கடி வருவார். ஒரு நாள் கட்டம் போட்ட ஒரு தாளை லேமினேஷன் செய்ய என் கடைக்குக் கொண்டுவந்தார். தோட்டத்தில் பெய்த மழையைத் தினமும் குறித்து வைக்கிற தாள். குரூப்பைப் பற்றிச் சொன்னேன்.

“தூறுது, கொட்டுதுன்னா எப்படிம்மா? உங்களுக்குக் கொட்டுறது எனக்குத் தூறல். அளந்து சொல்லுங்க.”

பாய் தன் கடையிலிருந்து நேரான டப்பாக்களையும் புனல்களையும் எடுத்துக் கொடுத்தார். புனல் வாயும் டப்பா வாயும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. பெரிய புனல் இருந்தால் நிறைய மழை பிடிக்கும் என்று நானே வாய் அகலமான ஒன்றைத் தேடி எடுத்து வைத்தேன். முதல் மழையில் என் கணக்குப்படி மரக்காணமே மூழ்கியிருக்க வேண்டும். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லா டப்பாவையும் சரிசெய்து, ஸ்கேல் ஒட்டிக் கொடுத்தார். குயிலாப்பாளையத்தில் தனக்கும் ஒரு டப்பா வைத்து அவரும் குரூப்பில் சேர்ந்துகொண்டார். நேரத்தில் மட்டும் மனிதர் மகா கறார். எட்டு நாற்பதுக்கு ஒரு தடவை போட்டுவிட்டேன். “எட்டரைன்னா எட்டரை” என்று பதில் வந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிறு காலையில் பாய் கடையின் பின்பக்கம் குடங்களுக்கு நடுவே உட்கார்ந்து கூட்டம் போட ஆரம்பித்தோம். குரூப்பில் இருபது வீடு சேர்ந்தது. கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்தது. ஒரு நாள் மத்தியானம் மேற்கே கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, ‘இன்னும் அரை மணியில் கனமழை’ என்று நானே அடித்துப் போட்டேன். கிளியனூரில் ஒரு துளி விழுந்திருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. அதை நம்பி அக்கா வேலை செய்கிற உப்பளத்தில் உப்பு வாருகிற வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் குவியல்களை மூடினார்கள். மேகம் வடக்கே போய்விட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது.

மறுநாள் உப்பள மேஸ்திரி என் கடைக்கே வந்தார். “உங்க குரூப்ப நம்பி அரை நாள் வேலை கெட்டுப்போச்சும்மா. எனக்கே வானத்தப் பார்க்கத் தெரியும், இனிமே நீங்க சொல்ல வேணாம்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு விதி போட்டோம். என்ன வரும் என்று சொல்லக் கூடாது. என்ன பெய்தது, என்ன பெய்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும்.

இதற்குப் பிறகு வந்ததுதான் என் மொட்டைமாடி மழை.

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழைக்குப் பஞ்சமில்லை. அப்போது என் டப்பாவில் மற்றவர்களைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. கடலுக்குப் பக்கத்து வீடு, அதனால் இருக்கும் என்று நினைத்தேன். மார்கழியில் எல்லாருக்கும் நின்றுபோனது. எனக்கு நிற்கவில்லை. தை பிறந்தது. வாரத்தில் மூன்று நாள் இரண்டு மில்லிமீட்டர், சில நாள் மூன்று. கர்மசிரத்தையாக எட்டரைக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

குரூப்பில் கிண்டல் ஆரம்பித்தது. ‘அந்த வீட்டுக்கு மட்டும் தனி மேகம்’ என்றார் ஒருவர். பாய் என் பக்கம் நின்றார். பனியாக இருக்கும், பாலைவனத்தில் லாரி கண்ணாடி முழுக்கப் பனி வழிவதைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். தோட்டத்து அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. “பனி இவ்வளவு நிக்காது பாய்.” என் கணவருக்கோ ஒரே பெருமை. டீக்கடையில் யாரைப் பார்த்தாலும், “எங்க மாடியில ராத்திரி ரெண்டு மில்லிமீட்டர்” என்று சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பார்.

எனக்குள் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் ‘நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்’ என்ற வீம்பு இருந்தது. உள்ளூர ஓர் ஆசையும் இருந்தது. யாருக்கும் பெய்யாத மழை நமக்குப் பெய்கிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது.

ஒரு நாள் காலை அக்கா எங்கள் தெருவுக்கு ஒரு துக்கத்துக்கு வந்தவர், போகிற வழியில் வீட்டுக்கு வந்தார். “எங்க, உன் மழையக் காட்டு” என்றார். மாடிக்கு அழைத்துப்போனேன். டப்பாவில் இரண்டு மில்லிமீட்டர் இருந்தது. அக்கா குனிந்து பார்த்தார். பிறகு சட்டென்று விரலை விட்டு நாக்கில் வைத்தார். பாத்தித் தண்ணீரை நாக்கில் வைத்தே எந்த அளவுக்கு உப்பு முற்றியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அவர்.

துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, உங்க வீட்டுல என்ன சோப்பு போடுறீங்க?”

எனக்குப் புரியவில்லை. அக்கா கையை மேலே காட்டினார். டப்பாவுக்கு நேர் மேலே, ஐப்பசியில் புதிதாகக் கட்டிய கொடிக்கயிறு. அதில் என் கணவரின் லுங்கி தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து ஒரு சொட்டு திரண்டு, நடுங்கி, சரியாகப் புனலுக்குள் விழுந்தது.

அவர் வேலைக்குப் போகிற நாட்களில் விடிகாலையில் குளித்துவிட்டு லுங்கியைத் தானே அலசிக் காயப்போடுவார். நான் மாடிக்கு வருகிற எட்டரை மணிக்குள் அது சொட்டி முடித்திருக்கும். சில நாள் காய்ந்தது என்று எடுத்தும் வைத்திருப்பார். அன்று அக்கா ஏழு மணிக்கே வந்ததால்தான் பிடிபட்டது. ஐப்பசியிலிருந்து நான் அளந்ததெல்லாம் பாதி வானம், பாதி லுங்கி.

அக்கா தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துக்க வீட்டுக்கு வந்தவர் என்பதால் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போன பிறகு நோட்டை எடுத்து என் பத்தியைப் பார்த்தேன். மூன்று மாதம். பக்கங்களைக் கிழித்துவிட்டு, நோட்டு தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொல்லலாம் என்று தோன்றியது. மழைச் சங்கத்து நோட்டு நனைந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள். அக்காவும் யாரிடமும் சொல்லமாட்டார்.

மேஸ்திரி கடைக்கு வந்து நின்ற நாள் ஞாபகம் வந்தது. கிழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நோட்டைத் திறந்து வைத்துச் சொன்னேன். “ஐப்பசியிலேருந்து என் கணக்கு எதையும் எடுத்துக்காதீங்க. அது எங்க வீட்டுக்காரர் லுங்கி.”

குடங்கள் உருளுகிற அளவுக்குச் சிரித்தார்கள். அடங்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். அடங்கிய பிறகு பாய் தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி சொல்லிட்டாங்க. நானும் சொல்லிடுறேன். போன நோன்புல, விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்ட முடிச்சுப் படுத்தா எட்டரைக்கு முழிப்பு வராது. பக்கத்து வீட்டுக் கணக்கப் பார்த்து, ஒண்ணு கூட்டி ஒண்ணு கொறைச்சு போட்டுட்டேன். அல்லா மன்னிக்கணும்.”

யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்து தோட்டத்து அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம், திட்டப்போகிறார் என்று. அவர் காது நுனி சிவந்திருந்தது.

“மச்சினன் கல்யாணத்துக்கு மூணு நாள் திண்டிவனம் போயிருந்தேன்” என்றார். “எட்டரைக்கு கரெக்டா போட்டேன். ஆனா டப்பாவப் பார்க்கல.”

அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துவிட்டு உட்கார்ந்து நோட்டைச் சுத்தம் செய்தோம். தப்பான எண்களை அழிக்கவில்லை. மேலே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதினோம். ‘பார்க்கவில்லை.’ ‘தூங்கிவிட்டேன்.’ என் பத்தியில் ‘லுங்கி’ என்று நானே எழுதினேன். பார்க்காத நாளில் ‘பார்க்கவில்லை’ என்றே போடலாம், யாரும் கேட்கக் கூடாது என்று இரண்டாவது விதி வந்தது. டப்பாவை மாடியின் இன்னொரு மூலைக்கு மாற்றினேன். கிண்டலுக்குப் பயந்து வேறு டீக்கடைக்குப் போக ஆரம்பித்த கணவர், டப்பா சாயாமல் நிற்கத் தாமே செங்கல் எடுத்து வந்தார்.

அந்த வருஷமே வைகாசியில் ஒரு மத்தியானம். மூன்று மணிக்குக் கிளியனூரிலிருந்து அக்காவின் தங்கை குரூப்பில் போட்டாள்: ‘இங்க பெய்யுது. பெரிய மழை. காத்து கடல் பக்கம் அடிக்குது.’ பத்து நிமிஷத்தில் இடையில் இருக்கிற ஊரிலிருந்து ஒருவர்: ‘இங்கயும் வந்திருச்சு.’ அடுத்து இன்னும் கிழக்கே ஒருவர். ஒவ்வொரு டப்பாக்காரராக மழையைக் கைமாற்றி அனுப்புவது போல இருந்தது. ‘வரும்’ என்று யாரும் எழுதவில்லை.

அன்றும் உப்பளத்தில் லாரிக்கு மூட்டை பிடிக்கிற வேலை. அக்கா மேஸ்திரியிடம் போனை நீட்டியிருக்கிறார். அவர் ஒவ்வொரு மெசேஜாகப் படித்துவிட்டு, “இவங்க ‘வரும்’னு ஒரு வார்த்தை சொல்லாம இருக்கிறதப் பார்த்தா நெசம் போலத்தான் இருக்குது” என்று சொல்லித் தார்ப்பாயை இழுக்கச் சொன்னாராம். கடைசிக் குவியலுக்குக் கல் வைத்துக்கொண்டிருக்கும்போது முதல் துளி விழுந்திருக்கிறது. பாத்தியில் இருந்த உப்பு போனதுதான். அதை மூட முடியாது. குவித்தது அத்தனையும் தப்பியது.

எனக்கு வந்தது ஒரு வாய்ஸ் மெசேஜ். தார்ப்பாய் மேல் மழை அடிக்கிற சத்தம்தான் முக்கால்வாசி. நடுவில் அக்கா யாரையோ, “நல்லா இழுத்துப் பிடி, காத்துல பறக்குது பாரு” என்று அதட்டுகிறார். பெண்கள் சிரிப்பது கேட்கிறது. எனக்கென்று ஒரு வார்த்தையும் அதில் இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பாய் ஏற்கெனவே ரோட்டில் இறங்கி நின்றிருந்தார். இந்தத் தடவை நானும் கடையை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஜெராக்ஸுக்கு வந்திருந்த இரண்டு பேர் எங்களை உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் எட்டரைக்கு இருபது வீட்டிலிருந்தும் எண்கள் வந்தன. ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே இருந்தன. அப்படித்தான் இருக்கும். தெருவுக்குத் தெரு மழை மாறும். தோட்டத்து அண்ணன் மட்டும், குயிலாப்பாளையத்தில் ஒரு சொட்டுகூட இல்லை என்று எழுதி, கீழே ‘டப்பாவைப் பார்த்தேன்’ என்று போட்டிருந்தார்.