எட்டு மணி என்றால் எந்த எட்டு மணி?

இங்கிலிசில் கடிதம் அடித்துக் கொடுப்பவளுக்குச் சொந்தக் கதை என்று ஒன்று இருக்காது. எல்லாம் அடுத்தவருடைய கதைதான், அதுவும் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்குகிற கதை.

ஏதாவது ஒரு அரசாங்கக் கந்தோர் வாசலில் கடதாசிக் கட்டோடு கால் கடுக்க நின்றவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்தபோது, கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சு வேலை செய்த எனக்கு மிஞ்சியது ஒரு பழைய மெசின்தான். அரசாங்கக் கச்சேரியின் அலுவல்கள் நடந்த கட்டடத்துக்கு முன்னால் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நாட்களில் நான் அதிகம் அடித்த வினைச்சொல் 'கோயின்சைட்'. இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் வந்து பொருந்துவது என்று கருத்து. திகதிகள் பொருந்தினாலும் அதுதான், இரண்டு பேரின் எண்ணம் பொருந்தினாலும் அதுதான். தானாகப் பொருந்தினாலும் அதுதான், நாங்கள் கெஞ்சிக் கூத்தாடிப் பொருத்தினாலும் அதுதான். இராணுவத்தின் கையிலிருந்த வவுனியாவுக்குப் போகப் பாஸ் கிடைக்கும் நாளும் அங்கே கிளினிக் நடக்கும் நாளும் ஒன்றாக வரவேண்டுமே! அதனால் அந்தச் சொல்லுக்கு என் மெசினில் ஓய்வே இருக்கவில்லை.

கலியாணமும் நிவாரணமும்

மாரிமுத்து ஐயா மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டித் தோட்டம் செய்தவர். மகளின் கலியாணத்தன்றே நிவாரணச் சாமானும் கொடுக்கப் போகிறார்களாம். ஊர்ச்சனம் முழுக்க வரிசையில் நின்றால் தாலி கட்டுவதை யார் பார்ப்பது? நாளை மாற்றித் தரும்படி சாமான் கொடுக்கும் வெளிநாட்டுக்காரருக்குக் கடிதம் கேட்டார்.

நமது வினைச்சொல்லைப் போட்டு அழகாக அடித்து, கருத்தையும் சொன்னேன். கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். பிறகு கடிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: "வேணாம்மா, கல்யாணத்த தள்ளி வச்சிக்கிறேங்க. அரிசிய தள்ளி வச்சா புள்ளைங்க தாங்காதுங்க."

இரண்டு கை, இரண்டு மணிக்கூடு

என் மேசைக்குப் பக்கத்தில் முத்திரை விற்றவர் கந்தையா அண்ணை. அவர் இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டியிருப்பார். கொழும்பில் அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணி முன்னுக்குத் தள்ளிவிட்டது. புலிகளின் கையிலிருந்த வன்னியில் நாங்கள் பழைய நேரத்திலேயே இருந்தோம். இங்கே ஏழரை என்றால் வவுனியாவில் எட்டு. சனம் அதைப் பழைய நேரம், புது நேரம் என்று சொல்லிப் பழகிவிட்டது.

அண்ணையின் கோலத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவள் நான்தான். ஒருநாள் கேட்டும்விட்டேன், எதற்கு இந்த வேசம் என்று. அவர் கோபிக்கவில்லை. "இடக்கை இஞ்சத்தை நேரம், வலக்கை அங்கத்தை நேரம், பிள்ளை. சாப்பிடுறது இடக்கையைப் பாத்து, பயப்பிடுறது வலக்கையைப் பாத்து."

கடவுள் படித்த இங்கிலிஸ்

றோசலின் அக்கா கொக்கிளாய்ப் பக்கத்துக் கடற்தொழில் குடும்பம். வீட்டையும் வள்ளத்தையும் விட்டு ஓடிவந்து எங்களைப் போல ஒரு கொட்டிலில் இருந்தவா. கணவர் சூசை அண்ணைக்கு வயிற்றில் கட்டி. அம்புலன்ஸில் வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். பாஸ் நோயாளிக்கு மட்டும்தான். அக்கா இங்கே நின்றுவிட்டா. வயிற்றை வெட்டுவதற்கு முதல் ஒருதரம் தன் மனுசியின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார்.

அக்காவுக்குப் பாஸ் கேட்டு மூன்று கடிதம் அடித்தேன். மூன்றிலும் அந்தச் சொல் இருந்தது. மூன்றாவதற்குப் பதில் வந்தது: ஒப்பரேசன் நாளிலேயே பாஸ். காலை எட்டு மணிக்கு முதலே இராணுவத்தின் சோதனைக் கடவையில் நிற்கவேண்டும். பதினொரு மணிக்கு ஒப்பரேசன். இரண்டும் ஒரே நாளில் வந்து பொருந்திவிட்டன என்று நான் துள்ளிக் குதிக்காத குறை. அக்கா அந்தச் சொல்லைக் காட்டச் சொல்லி விரலால் தடவிப் பார்த்தா. "அப்ப கடவுளும் இங்கிலிஸ் படிச்சவர்தான் போல, தங்கச்சி!"

கேற்றடி

"எட்டு மணிக்கு முதல் நில்லுங்கோ அக்கா" என்றுதான் நான் சொன்னேன். எந்த எட்டு என்று அவா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கிழமை கந்தையா அண்ணை மலேரியாவில் படுத்துவிட்டார். இருந்திருந்தால் வலக்கையைத் தூக்கிக் காட்டியிருப்பார்.

அக்கா முதல்நாளே உழவு இயந்திரத்தில் போய், கடவைக்குக் கிட்ட ஒரு கோயிலில் தங்கி, சூசை அண்ணை விட்டுப்போன மணிக்கூட்டைப் பார்த்து, எட்டுக்குக் கால் மணித்தியாலம் இருக்கவே போய் நின்றிருக்கிறா. அந்தப் பக்கம் அப்போது எட்டேகால். கடவைக் கேற்றைப் பூட்டியாயிற்று. மத்தியானம் வரைக்கும் கெஞ்சியும் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது போனவா, அவரை அடக்கம் செய்துவிட்டுத்தான் திரும்பி வந்தா. சூசை அண்ணை ஒப்பரேசனிலேயே போய்விட்டார்.

மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பம் அடிக்க என் மேசைக்குத்தான் வந்தா. பிழை என்னுடையது, நான்தான் நேரத்தைச் சொல்லாமல் விட்டேன் என்று அழுதேன். ஏசமாட்டாவா, ஒரு அடி அடிக்கமாட்டாவா என்று இருந்தது. அவா ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டை எடுத்து மேசையில் வைத்தா. இறந்த நேரம் என்ற இடத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. ஆஸ்பத்திரித் துண்டில் பதினொன்றரை என்று இருந்தது. எந்த நேரத்தைப் போட என்று கேட்டேன். "பழைய நேரம் பதினொண்டு, புது நேரம் பதினொண்டரை. எந்த மணிக்கூட்டைப் பாத்தாலும் நான் அந்தக் கேற்றடியிலதான் நிண்டனான், தங்கச்சி. நீங்கள் விரும்பினதை அடியுங்கோ."

அடுத்த நாளிலிருந்து நானும் இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டத் தொடங்கினேன். இங்கிலிஸ் படித்தவள் என்பதாலோ என்னவோ, என்னைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.