கிலோ கணக்கில் போன உப்பு

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பது காரைக்குடிக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. மாமனார் ஐம்பத்தைந்து வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். இவருடைய அண்ணன் அந்த வயதைக்கூடத் தொடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இவருக்கு ஐம்பத்துமூன்று. எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ நேமத்தான்பட்டிக் கல்யாணத்தில் வெள்ளைப் பணியாரத்துக்கு மூன்றாம் முறையும் இலையைக் காட்டினார். கேட்டால், "வைக்கிறதை வேண்டாம்னா வச்சவுகளுக்கு என்ன மரியாதை?" என்பார். ஊர் மரியாதையைக் காப்பாற்ற இவர் வயிறு ஒன்றுதான் மிச்சம்.

எனக்குப் பயம். பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும். கத்திப் பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பிள்ளையார் நோன்பன்று எங்கள் பங்காளிகள் ஓரிடத்தில் கூடி, இழை என்னும் மாவுருண்டையை எரியும் திரியோடு வாயில் போட்டு விழுங்குவார்கள். நெருப்பையே விழுங்குகிறவர்கள்தான், வீட்டில் பாகற்காயை விழுங்க மாட்டார்கள். பிறகு மங்கலப் பொருள்களை ஏலம் விடுவோம். அதில் உப்புக்குத்தான் கிராக்கி. ஏலத்தில் சொன்னதை அடுத்த வருட நோன்புக்குள் பிள்ளையாருக்குக் கட்டிவிட வேண்டும். இதுவரை யாரும் தவறியதில்லை.

அந்த வருட நோன்பில், நோன்பை நடத்தும் எங்கள் சங்கத்தின் பொறுப்புக்குப் புதிதாக வந்த, டாக்டருக்குப் படித்த பெண் ஒருத்தி எழுந்தாள்.

"இந்த வருசம் உப்புக்கு ரூபாய் வேண்டாம். எத்தனை கிலோ குறைப்பீகன்னு சொல்லி ஏலம் கேளுங்க."

பெரியவர் ஒருவர், "பிள்ளையார் முன்னாடி நின்னு தொந்தியைக் குறைன்னா அவுக கோவிச்சுக்க மாட்டாகளா?" என்றார்.

"அவுக மூஞ்சூறு மேலயே போயிருவாக. நம்ம ஏறுனா ஸ்கூட்டரே திணறுது" என்றாள் அவள்.

ஏலம் தொடங்கியது. ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், அவருடைய சித்தப்பா மகன் "மூணு கிலோ" என்றதும் நிமிர்ந்தார். பொதுவான பூர்வீக வீட்டுச் சாவி யாரிடம் இருப்பது என்ற தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"நாலு" என்றார் இவர்.

"ஆறு."

"எட்டு."

பங்காளி குளத்தில் குதித்தால் இவர் கிணற்றில் குதிப்பார். பன்னிரண்டில் அவர் வாயை மூடிக்கொள்ள, உப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. தான் தலையில் ஏற்றிக்கொண்டது என்னவென்று வரும் வழியில்தான் இவருக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஊரே பார்த்துக்கொண்டது. கண்டரமாணிக்கத்தில் ஓர் அறுபதாம் கல்யாணத்தில், பரிமாறியவர் இவரைக் கண்டதும் பணியாரத் தட்டோடு திரும்பிவிட்டார். "அண்ணனுக்கு வைக்காதீக, சாமி கணக்கு இருக்கு" என்று பின்னால் வந்தவரையும் தடுத்தார். வேண்டாம் என்பதே மரியாதையாகிவிட்டது. இவர் காலையில் ஊரணியைச் சுற்றி நடந்தார். எதிரே வருகிறவர்கள் தங்க விலையை விசாரிப்பது போல, "எம்புட்டுண்ணே இறங்கியிருக்கு?" என்று கேட்டார்கள். வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். பக்கத்து இலையில் இனிப்புக் கவுனி அரிசியைப் பார்த்து ஒருநாள் கண் கலங்கினார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு மதியத் தூக்கத்தில் குறட்டை நின்றிருந்தது. பதறிப்போய் மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராக வந்தது. அழுதுவிட்டேன்.

போன நோன்பில் எல்லார் முன்னாலும் எடை மெஷினில் ஏறி, சொன்னதைக் கட்டிவிட்டார். கைதட்டினார்கள். அந்தச் சித்தப்பா மகன் மட்டும், படி ஏறி வந்த இளைப்பு அடங்காமல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் இன்னும் பெருத்திருந்தார். என் வீட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருடைய அண்ணனும் கடைசி மாதங்களில் இப்படித்தான் மூச்சு வாங்கினார்.

மறுபடி உப்பு ஏலத்துக்கு வந்தது. முதலில் இவர்தான், "மூணு" என்றார்.

"இனிமே எலும்பைத்தான் குறைக்கணும்" என்று யாரோ சிரித்தார்கள்.

தூணோரத்திலிருந்து குரல் வந்தது. "அஞ்சு."

"எட்டு."

"பத்து."

"பன்னெண்டு" என்றார் இவர், வேண்டுமென்றே மீசையைத் தடவிக்கொண்டு.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "பதினாலு."

இவர் சத்தமில்லாமல் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்தார். உப்பு அவருக்குப் போனது.

"வேணும்னே இழுத்துவிட்டீகளா?" என்று காதோரம் கேட்டேன்.

"பின்ன? அவனும் போய்ட்டா நான் யாரோட சண்டை போடுறது?" என்றார்.