வீடு கேட்டு என்னை அழைத்தவர்கள்

ஒரகடம் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, சென்னைக்குப் பக்கத்திலுள்ள படப்பைக்கு வந்த சில மாதங்களில் முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் வீடு கேட்கத் தொடங்கினார்கள். குளிக்கும்போது, கம்பெனி பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில் போன் வரும். "போர்டு பார்த்தோம் சார், வாடகை எவ்வளவு?" என்பார்கள். ஒருநாள் ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில் அந்த போர்டை நானே பார்த்தேன். ஏதோ வெளிநாட்டு மாளிகையின் படம், "ஒரகடம் ஐந்து நிமிடம்" என்ற வரி, கீழே என் கைபேசி எண்.

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் வீடு பிடிக்க போர்டு தேவையில்லை. டீக்கடையில் விசாரிக்கலாம். ஆனால் யார் மகன், எந்தத் தெரு என்று கேட்பார்கள். பதில் பிடிக்காவிட்டால் வீடு இல்லை. எதுவும் கேட்காத இதேபோன்ற ஒரு போர்டை நம்பித்தான் நானும் இங்கே வந்தேன். அதன் ஐந்து நிமிடம் ஒரு மணி நேர நடையாக இருந்தது. அதன் "தனிக் கழிப்பறை"க்கு மாடியிலிருந்த அத்தனை அறைக்காரர்களும் வரிசையில் நின்றோம்.

போர்டு வைத்த புரோக்கர் தாஸைத் தேடிப் போனேன். அவருடைய எண்ணின் கடைசி இலக்கம் அச்சில் மாறி, என்னுடையதாகிவிட்டிருந்தது.

"ஒரு நம்பர்தானே சார் மாறிகீது. இதுக்கு இன்னாத்துக்கு டென்ஷன்? அடுத்த தபா மாத்திக்கலாம்."

தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சரிபார்ப்பது என் வேலை. மெல்லிய கீறல் இருந்தாலும் ஒதுக்கிவிடுவோம் என்று அவரிடம் சொன்னேன்.

"அது வண்டி சார். இது வூடு" என்று சிரித்தார்.

சூப்பர்வைசர் தொழிற்சாலையில் எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திட்டிய ஒருநாள், வீடு கேட்டவனிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஏரிக்குப் பின்னால், கட்டடமே இல்லாத மனைப்பிரிவுக்கு வழி சொன்னேன். அவன் அலைந்துவிட்டுப் போனில் கெஞ்சியபோது எனக்கு மனம் லேசானது. அடுத்த வாரம் இன்னொருவன். இதற்காகவே இந்த ஊர்ப் பேச்சைப் பழகிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒருவன் அழைத்தான். "திங்கக்கிழமை வேலைல சேரணும் சார். கைப்பிள்ளையோட வாறோம். வீடு இருக்குல்லா?" எங்கள் பக்கத்துப் பேச்சு. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம்.

"கீது, வாங்க" என்றேன்.

ஞாயிறு மதியம் நல்ல மழை. மூன்று அழைப்புகளை எடுக்கவில்லை. நான்காவதில் அவன் மனைவி பேசினாள்.

"சார், இங்கன கல்லுதான் நட்டிருக்கு. வீட்டையே காணோம். பிள்ளை நனையுது."

குழந்தையின் அழுகை கேட்டது. என் அறையிலிருந்து அந்த இடம் சைக்கிள் தூரம்தான். நான் கட்டிலை விட்டு எழவில்லை. "எங்கனயாச்சும் ஒதுங்குங்கம்மா" என்று மட்டும் வாய் தவறி வந்துவிட்டது.

"அண்ணாச்சி, நீங்க நம்ம பக்கமா?" அவள் குரலில் தெம்பு வந்திருந்தது.

"இல்லம்மா, நான் இந்த ஊருதான்."

"இந்த ஊர்க்காரக இப்பிடிப் பேச மாட்டாகளே."

போனை அணைத்தேன்.

மழை விட்ட பிறகு போனேன். எல்லைக் கற்களைத் தவிர அங்கே யாருமில்லை. அவன் எண்ணுக்கு அழைத்து, "எங்க இருக்கீக?" என்றேன்.

"பெருங்களத்தூர்ல பஸ் ஏறிட்டோம். ஊருக்கே போறோம்."

"வேலை?"

"பிள்ளைக்கு உடம்பு கொதிக்கி" என்றான். நான் யார், எந்த ஊர் என்றுகூட அவன் கேட்கவில்லை. பின்னால் கண்டக்டர் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று கூவுவது கேட்டது. சேற்றில், யாரோ வாங்கப்போகும் ஒரு மனைக்குள் நின்றபடி, அவர் கூவி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.