அண்ணனின் ஒற்றைத் தேன்பெட்டி

எங்கள் அண்ணனைக் கர்த்தர் தம்மிடம் அழைத்துக்கொண்டு ஓராண்டு ஆகிறது. மார்த்தாண்டம் பக்கத்தில் பிறந்து தாம்பரத்தில் கண்மூடியவர். கூடப்பிறந்த தங்கை என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அண்ணனுக்குத் தேனீதான் பிழைப்பு. ரப்பர் தளிர்க்கும் காலத்தில் தோட்டங்களில் பெட்டிகளை வைப்பார். அது முடிந்ததும் லாரியில் ஏற்றிக்கொண்டு, பூ இருக்கும் ஊர் தேடிப் போவார். முறை வைத்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, ராணி முட்டையிடுகிறதா, தேனடை நிறைந்ததா என்று பார்ப்பார். தேன் சேர்க்காத கூட்டத்துக்கு அவரிடம் இடமில்லை. தாம்பரத்தில் ஆசிரியையாக இருந்த அண்ணி, வீட்டுக்கு வந்த விருந்தாளி என்றே அவரைக் கேலி செய்வார்.

அண்ணி இறந்த பிறகு, மகனும் வெளிநாட்டில் இருக்க, முழங்கால் வலியும் சேர்ந்துகொள்ள, தொழிலைக் கைமாற்றிவிட்டு வீட்டோடு வந்துவிட்டார். ஒரே ஒரு பெட்டியைப் பின்புறம் முருங்கை மரத்தடியில் வைத்துக்கொண்டார். பிழைப்புக்கு வளர்ப்பது வேறு, வீட்டில் வைத்துக்கொள்வது வேறு. அத்தனை பெட்டிகளைப் பார்த்துப் பழகிய கை, இந்த ஒன்றின் மேலேயே விழுந்தது. காலையில் திறப்பார், மாலையில் திறப்பார்.

"அண்ணா, அதுங்களைக் கொஞ்சம் சும்மா விடுங்களேன்" என்றேன்.

"வீட்ல பேச வேற யாரு இருக்கா, சொல்லு" என்றார்.

ஒருநாள் கூட்டம் மொத்தமும் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிட்டது. தொல்லை தாங்காவிட்டால் நம்மூர்த் தேனீ அப்படித்தான் செய்யும். அதைப் பிறருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரே அண்ணன்தான். அன்று அவர் சாப்பிடவில்லை.

பிறகு புதுக் கூட்டம் ஒன்று வாங்கினார். தன் கை சும்மா இருக்காது என்று தெரிந்து, அதைப் பக்கத்து வீட்டுச் செல்வியின் தோட்டத்தில் வைத்தார். "நானே வந்து கேட்டாலும் திறக்க விடாதம்மா" என்று சொல்லிவிட்டார். அதன்பின் மதிலுக்கு இப்பால் நாற்காலி போட்டு, தேனீக்கள் போய் வருவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். நெஞ்சு வலி என்று சாய்ந்ததும் அங்கேதான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் செல்வி.

அன்று ஓடிவந்த தெருக்காரர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், தூரத்திலிருந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. செல்விக்கு எப்படி நன்றி சொல்வதென்றுதான் தெரியவில்லை. போன வாரம் போயிருந்தேன். கூட்டம் அங்கேயேதான் இருக்கிறது.

"சார் தினமும் மதில்கிட்ட வந்து, 'திறக்கலியே?'ன்னு கேப்பாருக்கா" என்றார் செல்வி. "இப்பவும் காலைல செடிக்குத் தண்ணி ஊத்த வந்தா, 'திறக்கல சார்'னு வாய் தானா சொல்லிடுது."